பார்டர்லைன் பிள்ளையின் அம்மாவுக்கு இன்னொரு அம்மா வேண்டும்

போன வாரம் பாலக்கோட்டுப் பக்கமிருந்து ஒரு அம்மா என் மனநல ஓ.பி.க்கு வந்திருந்தார். மகளுக்குப் பார்டர்லைன் பர்சனாலிட்டி டிஸ்ஆர்டர், அதாவது உணர்ச்சியும் உறவும் நிலையில்லாமல் ஆட்டிப்படைக்கிற ஒரு மனநலப் பிரச்சினை. காலையில் "நீ இல்லாம நான் இல்லம்மா", சாயங்காலம் "என் வாழ்க்கையக் கெடுத்ததே நீதான்". கையில் பிளேடு கீறல்கள். கூடப்பிறந்த அக்காவிடம்கூடச் சொல்லவில்லையாம். தர்மபுரியில் இப்படி வாயை மூடிக்கொண்டு வருகிற குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து மனசு தாங்கவில்லை.

முதலில் இது: அவள் நடிக்கவில்லை. "சும்மா மிரட்டறா, கண்டுக்காம விட்டா அடங்கிடுவா" என்று சொல்லாத சொந்தக்காரர் இல்லை. இந்த நோயில் உணர்ச்சி சட்டென்று ஏறும், இறங்க நேரமாகும். நம்மை விட்டுவிடுவார்களோ என்கிற பயம், யாரோ ஒருமுறை போனை எடுக்காததிலேயே கிளம்பிவிடும். அப்படிப் பயந்து கிடப்பவளைக் கண்டுகொள்ளாமல் விட்டால், தான் பயந்தது சரிதான் என்றுதானே நினைப்பாள்? மிரட்டுகிறவர்கள் சாக மாட்டார்கள் என்பதும் பொய். அப்புறம், "கல்யாணம் பண்ணி வெச்சா சரியாயிடும்". தயவுசெய்து வேண்டாம். நெருங்கிய உறவில்தான் இந்த நோய் அதிகம் படுத்தும்.

உணர்ச்சியைக் கையாளச் சொல்லித்தரும் டிபிடி என்கிற பேச்சு சிகிச்சை போன்றவை உண்டு, பெரும்பாலோர் சில வருஷங்களில் நன்றாகவே தேறுகிறார்கள். அதுவரை வீடு தாங்க வேண்டுமே? அமெரிக்காவில் 'ஃபேமிலி கனெக்‌ஷன்ஸ்' என்று 12 வார வகுப்பு நடக்கிறது, நடத்துவது பயிற்சி பெற்ற குடும்பத்தினரே. "இதுக்கெல்லாமா அழுவே" என்பதற்குப் பதில் "அவன் போன் எடுக்கலன்னதும் உனக்குப் பயமாயிருச்சு இல்ல" என்று சொல்லப் பழகுகிறார்கள். உணர்ச்சியைத்தான் ஏற்கிறோம், கீறிக்கொண்டதை அல்ல. இதை நானும் சொல்லித் தருவேன். ஆனால் ராத்திரி இரண்டு மணிக்குக் கதவு சாத்தியிருக்கும்போது வெளியே நின்று எப்படிப் பேசுவது என்பது, அப்படி நின்ற இன்னொரு அம்மா சொன்னால்தான் மனசில் ஏறும்.

இங்கே இரண்டு குடும்பம் சேர்ந்தாலே போதும். உள்ளூரில் பேச்சு வரும் என்று பயந்தால் ஓசூரிலோ தர்மபுரியிலோ சந்தியுங்கள். பிள்ளையின் ரகசியத்தை அங்கே கொட்டாதீர்கள். மாத்திரைப் பேரை மட்டும் ஒருவருக்கொருவர் சிபாரிசு செய்யவே கூடாது, இதில் எனக்குக் கோபமே வரும்.

தோட்டத்துப் பூச்சிமருந்தையெல்லாம் பூட்டி, சாவியை நீங்களே வையுங்கள். "போய்ச் சாவு" என்று கோபத்தில்கூடச் சொல்லாதீர்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, 24 மணி நேரமும் இலவசம், வீட்டுக்காரர்களும் பேசலாம். உயிருக்கு ஆபத்து என்றால் யோசிக்காமல் 108. அடுத்த முறை ஓ.பி.க்கு வரும்போது, "இதே கஷ்டத்தில் இருக்கிற யாராவது எங்களோடு பேசச் சம்மதிப்பார்களா?" என்று உங்கள் டாக்டரிடம் கேளுங்கள். கூச்சப்படாமல் கேளுங்கள், அவர்களிடமும் சம்மதம் கேட்டுச் சேர்த்துவைப்பது எங்களுக்குப் பெரிய வேலையில்லை.