காலிபர்: விட்டம் வேறு, தோட்டா வேறு

தமிழ்ப் பேச்சில் ‘காலிபர்’ இரண்டு வேலை பார்க்கிறது. “அவர் காலிபருக்கு இதெல்லாம் தூசு” என்றால் தகுதி. “பாயின்ட் டூடூ காலிபர்” என்றால் துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். தகுதி என்ற பொருள் விட்டத்திலிருந்து கிளைத்ததுதான். பட்டறைக்காரர்கள் கையில் இருக்கும் வெர்னியர் காலிப்பரும் இதே குடும்பம். குண்டின் விட்டத்தை அளந்த கவராயத்தின் பெயர் அது. பாடநூலில் அது ‘வெர்னியர் அளவி’ ஆகிவிட்டது. காலிபருக்கு அப்படி ஒரு நிலைத்த தமிழ்ப் பெயர் இன்னும் அமையவில்லை.

சொல் வந்த வழி: ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு ‘கலீப்ர்’, அதற்கு முன் அரபு ‘காலிப்’ என்பது பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். அரபுச் சொல்லுக்குப் பொருள் அச்சு, வார்ப்பு. அதன் வேரைக் கிரேக்கத்தில் காட்டுகிறார்கள்: செருப்புத் தைப்பவர் காலுக்குப் பதிலாக வைத்துக்கொள்ளும் மரக்கட்டை, சொல்லுக்குச் சொல் ‘மரப்பாதம்’. அச்சு எவ்வளவோ, அதில் வார்த்த ஈயக் குண்டு அவ்வளவு. குண்டு எவ்வளவோ, குழல் அவ்வளவு.

வழவழப்பான குழலில் இந்தக் கணக்கில் சிக்கலில்லை. ரைபிள் குழலின் உள்ளே புரி வெட்டியிருப்பார்கள். புரி என்றால் குழல் நெடுகச் சுருளாக ஓடும் மேடும் பள்ளமும். விட்டத்தை மேட்டுக்கு மேடு அளப்பதா, பள்ளத்துக்குப் பள்ளம் அளப்பதா? ஊருக்கு ஒரு வழக்கம். .308 வின்செஸ்டர் என்ற தோட்டாவில் .308 அங்குலம் என்பது பள்ளத்தின் அளவு. பழைய .303 பிரிட்டிஷில் .303 மேட்டின் அளவு, அதன் குண்டு .311 அங்குலம். ‘6 மி.மீ.’ என்பதும் மேட்டின் அளவே, குண்டு 6.17 மி.மீ. .38 ஸ்பெஷலின் குண்டோ .357தான். ஆகவே பெயரில் இருக்கும் எண்ணைப் பார்த்துக் குண்டு வாங்கக் கூடாது.

இதைவிடப் பெரிய குழப்பம் வேறு. “அதிகம் உதைக்காத, குறி தப்பாத ரைபிளுக்கு எந்தக் காலிபர்?” என்று கேட்பவர் உண்மையில் கேட்பது தோட்டாவைப் பற்றி, அதாவது கூடு, வெடிமருந்து, குண்டு எல்லாம் சேர்ந்ததைப் பற்றி. 6 பிபிசி, 6 மி.மீ. பிஆர், .243 வின்செஸ்டர் ஆகிய மூன்று தோட்டாக்களும் ஒரே 6.17 மி.மீ. குண்டைச் சுடுபவை. கூடு வேறு, மருந்தின் அளவு வேறு, அதனால் உதைப்பும் வேறு.

300 மீட்டர் ஸ்டாண்டர்டு ரைபிள் போட்டியில் துப்பாக்கியின் எடை 5.5 கிலோவைத் தாண்டக் கூடாது. அந்த எடைக்கே கணக்குப் போட்டுப் பார்க்கலாம். குண்டின் எடையை வேகத்தால் பெருக்கி, அதோடு மருந்தின் எடையை வாயு வெளியேறும் வேகத்தால் (நொடிக்கு ஏறத்தாழ 1,430 மீட்டர்) பெருக்கிக் கூட்ட வேண்டும். 6 மி.மீ. பிஆர்: 6.8 கிராம் குண்டு, 870 மீட்டர் வேகம், 1.95 கிராம் மருந்து, கிராமைக் கிலோவாக்கிக் கூட்டினால் 8.7. இதை 5.5ஆல் வகுத்தால் ரைபிள் பின்வாங்கும் வேகம் நொடிக்கு 1.58 மீட்டர், உதைப்பு சுமார் 7 ஜூல். அதே குண்டை .243இல் 2.6 கிராம் மருந்தோடு 910 மீட்டருக்குத் தள்ளினால் 9 ஜூல். 6.5 கிரீட்மூர் தோட்டாவில் 9 கிராம் குண்டுக்கு 12. .308இல் 10.9 கிராம் குண்டுக்கு 15. பிஆரிலிருந்து .243க்குப் போகும்போது காலிபர் மாறாமலே உதைப்பு ஏறியதைக் கவனியுங்கள்: மருந்து கூடியது, வேகம் கூடியது, அவ்வளவுதான்.

பெரிய குண்டு பெரிய ஓட்டை போடும், வளையத்தைத் தொட்டுப் புள்ளி கிடைக்கும் என்று சிலர் வாதிடுவார்கள். .308இன் 7.82 மி.மீ. குண்டுக்கும் 6.17க்கும் வித்தியாசம் பக்கத்துக்கு 0.8 மி.மீ. 300 மீட்டர் இலக்கில் பத்தாம் வளையத்தின் விட்டம் 100 மி.மீ. இந்த 0.8க்காக ஒரு போட்டியில் அறுபது முறை இரண்டு மடங்கு உதை வாங்கினால், நாற்பதாவது தோட்டாவுக்குமேல் தோள் முன்கூட்டியே சுருங்கும், விசையை வெடுக்கென்று இழுக்கத் தோன்றும். 300 மீட்டர் களத்தில் 6 மி.மீ. பிஆர் வேரூன்றியதற்கு இதுவே காரணம்.

ஆனால் 6 மி.மீ. பிஆர் வாங்கியவுடன் வேலை முடிந்துவிடாது. நீளமான 6.8 கிராம் குண்டுக்குக் குழலின் புரி 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று சுற்ற வேண்டும். பழைய .243 குழல்கள் பலவற்றில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்றுதான். அதில் இந்தக் குண்டு போதிய அளவு சுழலாமல் தலைகுப்புறப் புரளலாம்; தாளில் வட்ட ஓட்டைக்குப் பதில் சாவித் துவாரம்போல் நீண்ட கிழிசல் விழும். அதைப் பார்த்து தொலைநோக்கியைத் திருகிப் பயனில்லை.

50 மீட்டர் போட்டிக்கு இந்த ஆராய்ச்சியே வேண்டாம், விதி 5.6 மி.மீ.தான், அதாவது .22 எல்ஆர் (லாங் ரைபிள்) தோட்டா. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற போட்டி இது. 2.6 கிராம் ஈயக் குண்டு, உதைப்பு 0.1 ஜூலுக்கும் கீழே. போட்டித் தோட்டாவை ஒலியின் வேகத்துக்குக் கீழேயே, நொடிக்கு 320–330 மீட்டரில் வைத்திருப்பார்கள். வேகமாகக் கிளம்பும் குண்டு வழியில் ஒலியின் வேகத்துக்கு இறங்கும்போது தடுமாறும். இங்கே தேர்வு காலிபரில் இல்லை, தயாரிப்புத் தொகுதியில். ஒரே நிறுவனத்தின் ஒரே பெட்டிப் பெயரில் வரும் இரண்டு தொகுதிகள் ஒரே குழலில் வேறு வேறாகச் சுடும். நாலைந்து தொகுதிகளைத் தாங்கியில் வைத்துச் சுட்டுப் பார்த்து, நெருக்கமாகக் குத்துவதை மொத்தமாக வாங்குவதே வழக்கம்.

காலிபரோடு சேர்த்துக் குழப்பப்படும் சொல் ‘போர்’. ‘12 போர் துப்பாக்கி’ என்பதில் யுத்தம் ஏதும் இல்லை. குழல் துளைக்கான ஆங்கிலச் சொல் அது. ஒரு பவுண்டு ஈயத்தில் 12 உருண்டை பிடித்தால் ஓர் உருண்டை எவ்வளவோ அவ்வளவு துளை, சுமார் 18.5 மி.மீ. எண் ஏற ஏறத் துளை சிறுக்கும். பீரங்கியில் காலிபர் நீளத்தின் அளவு: ‘155 மி.மீ./52 காலிபர்’ என்றால் குழலின் நீளம் விட்டத்தைப் போல் 52 மடங்கு, 8.06 மீட்டர். இதை ‘52 விட்டம் கொண்ட பீரங்கி’ என்று எழுதினால் தவறு.

தமிழில் என்ன சொல்வது? ‘உள்விட்டம்’ சரி, ஆனால் தண்ணீர்க் குழாய்க்கும் அதுவே. ‘துளைவிட்டம்’ குண்டு போட்ட ஓட்டையோ என்று மயங்க வைக்கும். ‘குழல்விட்டம்’ பொருந்துகிறது, பீரங்கிக்கு ‘52 குழல்விட்ட நீளம்’ என்று நீட்டவும் வளைகிறது. ஆளைப் பற்றிப் பேசும்போது தகுதி, தரம் போதும். தோட்டா என்பது கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. குழலைவிட்டுப் பறப்பது குண்டு மட்டும், ஈழத்தில் சன்னம் என்பார்கள். “உடலில் தோட்டா பாய்ந்தது” என்று செய்தியில் வந்தால், பாய்ந்தது குண்டு; கூடு சுட்டவர் காலடியில் கிடக்கும். கடையில் கேட்கும்போது “6 மி.மீ. குழல்விட்டம், பிஆர் தோட்டா, 8 அங்குலப் புரி” என்று மூன்றையும் சொல்லுங்கள்.