கேட் எல்லாம் கேட் அல்ல

இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் யார்க் நகரத்தில், புதிதாக வருகிறவர்களிடம் ஒரு வேடிக்கை சொல்வார்கள்: எங்கள் ஊரில் தெருவுக்குப் பெயர் கேட், கேட்டுக்குப் பெயர் பார், பாருக்குப் பெயர் பப். சொல்லிப் பார்த்தால் சிரிப்புதான், ஆனால் அத்தனையும் உண்மை. ஸ்டோன்கேட், மிக்கில்கேட், காப்பர்கேட் என்று கேட்டில் முடியும் தெருக்கள் அங்கே நிறைய. பழைய மதிலின் நிஜமான வாயில்களுக்கோ மிக்கில்கேட் பார், மங்க் பார் என்று பெயர்.

இதற்குக் காரணம், ஸ்காண்டிநேவியாவிலிருந்து கடல் கடந்து வந்த வைக்கிங்குகள். அவர்கள் 866-இல் யார்க்கைப் பிடித்தார்கள். அவர்கள் பேசிய பழைய நார்ஸ் மொழியில் 'காட்டா' என்றால் தெரு. சுவீடனில் இன்றும் தெருவுக்கு அந்தச் சொல்தான். மிக்கில்கேட் என்பது பெரிய தெரு. காப்பர்கேட்டைப் பார்த்து அங்கே செம்புக் கடைகள் இருந்திருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். அது மரத்தைக் கடைந்து கோப்பை செய்தவர்களின் தெரு. 1976-இல் அங்கே தொடங்கிய அகழாய்வில் கடைந்த மரக்கிண்ணங்களும், கடைந்த பிறகு மிஞ்சிய கட்டைகளும் கிடைத்தன. மண்ணுக்குள் இருந்தது பெயருக்குச் சாட்சி சொன்னது.

சரி, அப்படியானால் கேட் என்று முடிவதெல்லாம் தெருவா? தெற்கே போனால் கதை மாறுகிறது. லண்டனின் ஆல்ட்கேட்டும் நியூகேட்டும் மதில் வாயில்கள் இருந்த இடங்கள். இங்கே வருவது பழைய ஆங்கிலச் சொல். அதற்குத் திறப்பு, இடைவெளி என்று பொருள். மதிலில் விட்ட திறப்பும் கேட், மலையிலோ பாறையிலோ இயற்கையாக அமைந்த திறப்பும் கேட். கென்ட் கடற்கரையில் உள்ள மார்கேட், ராம்ஸ்கேட் இரண்டும் அந்தக் கடைசி வகை. அங்கே கரை நெடுக சுண்ணாம்புப் பாறை செங்குத்தாக நிற்கிறது. எங்கே பாறை விட்டுக்கொடுக்கிறதோ அங்கேதான் கடலுக்கு இறங்க வழி. ஊரும் அங்கேதான் வந்தது.

அந்தப் பழைய ஆங்கிலச் சொல்லிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. ஒருமையில் அதன் முதல் எழுத்தை யகரமாகவும், பன்மையில் ககரமாகவும் ஒலித்தார்கள். பொது வழக்கில் பன்மையின் ஒலி ஜெயித்துவிட்டது. ஒருமையின் ஒலி சில மூலைகளில் தங்கிவிட்டது: வை ஆறு மலையைக் குடைந்துகொண்டு ஓடும் இடத்தில் இருக்கும் சைமண்ட்ஸ் யாட் அப்படிப்பட்ட ஊர். யாட்டும் கேட்டும் ஒரே சொல் என்று கண்ணால் பார்த்து யாரால் சொல்ல முடியும்?

இத்தோடு ஆடும் வந்து சேர்கிறது. கேட்விக் விமான நிலையத்தில் இறங்கியவர்கள் அங்கே எத்தனையோ கேட்டுகளைப் பார்த்திருப்பார்கள். பெயரில் இருப்பதோ வெள்ளாடு. பழைய ஆங்கிலத்தில் வெள்ளாட்டுக்கு 'காட்'. 'விக்' என்பது பண்ணை. நம் வழக்கில் சொன்னால் ஆட்டுப்பட்டி. வடக்கே கேட்ஸ்ஹெட்டும் இந்த வகைதான். 731-இல் தன் வரலாற்று நூலை எழுதி முடித்த பீட் என்ற துறவி, அந்த இடத்தை 'வெள்ளாட்டின் தலை' என்றே லத்தீனில் குறித்திருக்கிறார்.

தெரு, வாயில், பாறை இடுக்கு, ஆடு என நான்கும் இன்று ஒரே முகத்தோடு நிற்கின்றன. இவற்றைப் பிரித்தறிய ஆய்வாளர்கள் இன்றைய எழுத்தை நம்புவதே இல்லை. அந்தப் பெயர் முதன்முதலில் எழுதப்பட்ட வடிவத்தைத் தேடுகிறார்கள். 1086-இல், பிரான்சிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் அரசன் வில்லியம் எடுத்த நிலக் கணக்கான டூம்ஸ்டே ஏடு இதற்கு ஒரு பொக்கிஷம். அதற்கும் முந்தைய நிலதானப் பத்திரங்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. 1923-இல் தொடங்கிய ஆங்கில ஊர்ப்பெயர்க் கழகம் ஒவ்வொரு மாவட்டமாக எடுத்து இந்த வேலையைச் செய்துவருகிறது. நாட்டிங்ஹாம் என்ற பெயரின் தொடக்கத்தில் ஒரு சகர ஒலி இருந்ததைப் பழைய ஏடுகள்தான் காட்டின. ஸ்னாட் என்ற ஒருவரின் கூட்டத்தார் வாழ்ந்த ஊர் அது. பிரெஞ்சு பேசிய நார்மன்களுக்கு 'ஸ்ன' வாயில் நுழையவில்லை, சகரம் உதிர்ந்தது. இன்றைய ஆங்கிலத்தில் 'ஸ்னாட்' என்ற சொல்லுக்கு மூக்குச்சளி என்று பொருள் என்பதால் ஊர்க்காரர்களுக்கு இதில் வருத்தம் இருக்காது.

எழுத்து கைகொடுக்காதபோது நிலத்தைப் பார்க்க வேண்டும். 'ஹாம்' என்ற ஈற்றுக்குப் பின்னால் இரண்டு சொற்கள் இருக்கின்றன. ஒன்று வீடு, குடியிருப்பு. பர்மிங்ஹாமில் இருப்பது அது. மற்றொன்று ஆற்று வளைவுக்குள் அடைபட்ட நிலம், ஈரப் புல்வெளி. பக்கிங்ஹாமை வரைபடத்தில் பாருங்கள், ஊஸ் ஆறு வளைத்துக்கொண்டு ஓடுகிறது. லண்டனின் வெஸ்ட் ஹாமும் இந்த ஈர நிலம்தான். இன்று ஹாம் எனப்படும் பன்றி இறைச்சிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. அவ்வூர்க் கால்பந்து அணியின் சின்னத்தில் உள்ள சுத்தியல்களைப் பார்த்து 'ஹாமர்' என்பதிலிருந்து ஹாம் வந்தது என்று சிலர் நினைப்பதுண்டு. சுத்தியல் வந்தது அணியைத் தொடங்கிய தேம்ஸ் இரும்பாலைத் தொழிலாளர்களிடமிருந்து.

இதுவரை சொன்னது வெவ்வேறு சொற்கள் ஒன்றுபோல ஆன கதை. இதற்கு நேரெதிரான கதையும் உண்டு, எனக்கு அதுதான் அதிகம் பிடிக்கும்: ஒரே சொல் பொருள் மாறி எங்கோ போய்விட, ஊர்ப்பெயர் மட்டும் பழைய பொருளைப் பிடித்துக்கொண்டு நிற்பது. சட்டன், நார்ட்டன், கிங்ஸ்டன் இவற்றின் ஈற்றில் இருப்பது இன்றைய 'டவுன்' என்ற சொல்லின் முன்னோர். அன்று அதற்கு நகரம் என்று பொருளில்லை. வேலி, வேலியிட்ட இடம், பண்ணை, கிராமம் என்று படிப்படியாக வளர்ந்து பிறகே நகரமானது. ஜெர்மனியில் அதன் உடன்பிறப்பு இன்னும் வேலியாகவே இருக்கிறது, நெதர்லாந்தில் தோட்டமாக. ஆட்டை அடைக்கும் பட்டியையும் ஆண்டிபட்டியையும் அறிந்த நமக்கு இது புதிதே அல்ல.

இன்னொரு 'டவுன்' உண்டு, கீழே என்ற பொருளில் வருவது. தெற்கு இங்கிலாந்தில் சவுத் டவுன்ஸ் என்று ஒரு குன்றுத்தொடர் இருக்கிறது. குன்றுக்குப் போய்க் கீழ் என்று பெயர் வைப்பார்களா? குன்று என்பதுதான் அந்தச் சொல்லின் முதல் பொருள். 'குன்றிலிருந்து' என்று பொருள்படும் பழைய தொடர் தேய்ந்துதான் 'கீழே' என்ற பொருள் பிறந்தது. நில அமைப்பிலிருந்து திசை பிறப்பது நம்மிடமும் உண்டே. கீழிலிருந்து கிழக்கும், மேலிலிருந்து மேற்கும் வந்ததைப் போல.

டெர்பிஷயரில் ஹோப் என்றொரு ஊர் இருக்கிறது. நம்பிக்கை என்று மொழிபெயர்க்கத் தோன்றும். ஆனால் பழைய ஆங்கிலத்தில் அது மலைகளுக்கு நடுவே ஒடுங்கிய பள்ளத்தாக்கு. அந்தப் பொருள் மறந்துபோனதால், அந்த ஊர் இருக்கும் பள்ளத்தாக்குக்கு ஹோப் வேலி, அதாவது பள்ளத்தாக்குப் பள்ளத்தாக்கு என்று பெயர். அங்கே எதிரெதிரே நிற்கும் வின் ஹில், லோஸ் ஹில் என்ற இரு குன்றுகளுக்கும் ஒரு போர்க்கதை இருக்கிறது: ஜெயித்த படை இதில் நின்றது, தோற்ற படை அதில் நின்றது என்று. பழைய ஏடுகளில் வின் ஹில்லின் பெயரில் வெற்றி எதுவும் இல்லை. அங்கே இருப்பது வில்லோ மரம்.