காயம் ஆறிய பிறகும் இடுப்பு வலிப்பது ஏன்?

திருப்பூரில் பிசியோதெரபி பார்ப்பதால் என்னிடம் வருபவர்களில் நிறையப் பேர் பனியன் கம்பெனிக்காரர்கள்தான். அவர்களில் ஒருவருக்கு லாரியில் இருந்து துணி ரோல் இறக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. எட்டு மாதம் கழித்து வந்தார். ஸ்கேன் கவரை நீட்டி, "ஜவ்வு விலகிருச்சுங்க, இனி குனியவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க" என்றார். குளிக்க மட்டும்தான் இடுப்புக்குப் போடும் பெல்ட்டைக் கழற்றுவாராம்.

இப்படிப்பட்ட காயங்கள் பெரும்பாலும் மூன்று மாதத்துக்குள் ஆறிவிடும். முதுகெலும்புகளுக்கு நடுவே இருந்து பிதுங்கிய ஜவ்வு தானாகவே சுருங்குவதும் சகஜம். அதற்கப்புறமும் வலித்தால் நாள்பட்ட வலி என்கிறோம். "நடிக்கிறான்" என்று வீட்டிலேயே சொல்வார்கள். அது பெரிய கொடுமை. வலி நிஜம். காயத்தின்போது உஷாரான நரம்புகள் இன்னும் அடங்காமல், சாதாரணமாகக் குனிவதைக்கூட ஆபத்தாக எடுத்துக்கொள்கின்றன. பயந்து படுத்தே இருந்தால் தசை இளைக்கும், வலி கூடும். ஸ்கேனில் தெரியும் தேய்மானமோ, வலியே இல்லாத நாற்பது வயதுக்காரர்களில் பாதிப் பேருக்கு மேல் இருப்பதுதான்.

இவர் வலி குறைந்த நாளில் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுச் செய்வார், அடுத்த மூன்று நாள் எழுந்திருக்க மாட்டார். அதைத்தான் முதலில் நிறுத்தினோம். பத்து நிமிடம் நடந்தால் வலி ஏறியது. அதனால் ஏழு நிமிடம், காலையும் மாலையும், கடிகாரம் பார்த்து. நன்றாக இருக்கும் நாளிலும் ஏழுதான். மோசமான நாளில் பாதியாவது நடக்க வேண்டும். வாரம் ஒரு நிமிடம் கூட்டினோம்.

மெடிக்கலில் தானாக வாங்கி மாதக்கணக்கில் டைக்ளோஃபினாக் மாதிரி வலி மாத்திரை போடாதீர்கள். வயிற்றில் புண் வரும், சிறுநீரகம் கெடும். சிறுநீர், மலம் அடக்க முடியாமல் போனாலோ, தொடை இடுக்கு மரத்தாலோ, கால் வலுவிழந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

இன்னொன்று. அடிபட்ட அன்றே கம்பெனியின் விபத்துப் பதிவேட்டில் எழுத வையுங்கள். இ.எஸ்.ஐ. என்கிற தொழிலாளர் காப்பீடு இருந்தால், வேலைக்காயத்தால் வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் கிடைக்கும். இவர் எழுத வைக்கவில்லை. இங்கே அடிபடவே இல்லை என்று பிறகு கம்பெனியில் சொல்லிவிட்டார்கள். கடன் கவலையில் தூக்கம் போனது, தூக்கம் போனதில் வலியும் ஏறியது.

நான்கு மாதம் தாண்டிவிட்டது. இப்போது இருபத்தைந்து நிமிடம் நடக்கிறார். வலி முழுசாகப் போகவில்லை. பெல்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறார்; போன வாரம் அதை வெளியே எடுக்கவே இல்லை.