கோகோ கொட்டை: கசப்பை மறைக்காமல் தின்பவர்களுக்கு

ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்த ஒரு காலையில் கோத்தகிரியிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் குன்னூருக்கு என்னைப் பார்க்க வந்தார். அவருக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்தது. சாக்லேட்டை நிறுத்துங்கள் என்று மூன்று மாதங்களுக்கு முன்பு நான்தான் சொல்லி அனுப்பியிருந்தேன். நிறுத்திவிட்டார். ஆனால் இப்போது தூக்கம் பிடிப்பதில்லை, படுத்தால் நெஞ்சு படபடக்கிறது என்றார்.

“சாக்லேட்டுக்குப் பதிலாக ஏதாவது சாப்பிடுகிறீர்களா, டீச்சர்?”

கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேசைமேல் வைத்தார். உள்ளே கோகோ கொட்டை. “பொள்ளாச்சியில் மருமகன் தோப்பில் விளைந்தது, மேடம். பச்சையாகச் சாப்பிட்டால் உடம்புக்கு நல்லது என்றார்கள். ராத்திரி ஒரு பிடி எடுத்து, வாழைப்பழமும் தேனும் போட்டு மிக்சியில் அடித்துக் குடிக்கிறேன்.”

ஒரு பிடி என்றால் 30 கொட்டைக்குக் குறையாது.

கோகோ கொட்டைக்கு நான் எதிரி அல்ல. சாக்லேட்டிலிருந்து வெளியே வரத் தவிக்கும் பலருக்கு நானே அதைச் சொல்வதுண்டு. பால் சாக்லேட்டில் ஏறத்தாழ பாதி சர்க்கரைதான். 40 கிராம் பட்டை ஒன்றைத் தின்றால் நான்கைந்து தேக்கரண்டி சர்க்கரை உள்ளே போய்விடும். நம் மலையில் சுற்றுலாப் பயணிகள் கிலோ கணக்கில் வாங்கிப் போகும் ‘ஹோம் மேட்’ சாக்லேட்டின் கதை வேறு. அதில் பல, கோகோ கொட்டையின் கொழுப்பான கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பைச் சேர்த்த ‘காம்பவுண்ட்’ பாளத்தை உருக்கி அச்சில் ஊற்றியவை. வீட்டில் செய்தது என்னவோ உண்மைதான். செய்தது உருக்குகிற வேலை மட்டும். அசல் கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில், அதாவது வாய்ச்சூட்டிலேயே, உருகிவிடும். நாக்கில் மெழுகுபோல் ஒட்டிக்கொண்டு நின்றால் சந்தேகப்படுங்கள்.

கொட்டையில் இந்த வம்பெல்லாம் இல்லை. எடையில் பாதி கொழுப்பு; மீதியில் நார்ச்சத்து, மெக்னீசியம், பிளேவனால் என்னும் துவர்ப்புச் சத்துகள். நாளொன்றுக்கு 200 மில்லிகிராம் கோகோ பிளேவனால் ரத்த நாளங்கள் நெகிழ்ந்து விரிய உதவுகிறது என்பதை ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2012-இல் ஏற்றுக்கொண்டது.

ஆனால் என்னைக் கேட்டால், அந்தக் கொட்டையின் பெரிய நன்மை அதன் கசப்புதான். ஒன்றை எடுத்துத் தோலை நகத்தால் கீறி உரித்து, மெதுவாக மென்று பாருங்கள். முதலில் மளுக்கென்று உடையும். லேசான புளிப்பு வாடை மூக்கில் ஏறும். பிறகு கசப்பு, அதன் பின்னால் நாவல் கொட்டையைக் கடித்தாற்போல் ஒரு துவர்ப்பு. கடைசியில், நீங்கள் கைவிடப்போகும் நேரத்தில், தொண்டை அருகே சாக்லேட் மணம். ஐந்தாறு கொட்டைக்கு மேல் கை தானாகப் போவதில்லை. பாகற்காயைக் கிண்ணம் கிண்ணமாகத் தின்றவரை யாராவது பார்த்திருக்கிறோமா? டீச்சர் தேனை ஊற்றி அந்தக் கடிவாளத்தை அவிழ்த்துவிட்டார். நாட்டுச்சர்க்கரை போட்டாலும் கருப்பட்டி போட்டாலும் இதே கதைதான்.

கணக்கைப் பாருங்கள். காய்ந்த கொட்டை ஒன்று ஏறத்தாழ ஒரு கிராம். அதில் 1 முதல் 2 சதவீதம் தியோபுரோமின். காபீனின் உறவுக்காரப் பொருள், இதயத்தைத் தூண்டும், உடம்பை விட்டு இறங்கப் பல மணி நேரம் எடுக்கும். 30 கொட்டையில் அது 300 மில்லிகிராமுக்கு மேல். கூடவே கொஞ்சம் காபீன். இதெல்லாம் ஒரு நாளைக்கு ஐந்து டம்ளர் தேநீர் குடிக்கும் நீலகிரிக்காரரின் உடம்பில் சேர்கிறது. படபடக்காமல் என்ன செய்யும்?

அடுத்தது ‘பச்சை’ என்ற சொல். பழத்தை உடைத்ததும் இருக்கும் வெள்ளைச் சதை, பர்லியாறு மங்குஸ்தானை நினைவூட்டும் இனிப்பும் புளிப்புமாக இருக்கும். அந்தச் சதையோடு கொட்டையைக் குவித்து ஐந்தாறு நாள் புளிக்க வைக்கிறார்கள். குவியலின் சூடு 50 டிகிரியை நெருங்கும். பிறகுதான் வெயிலில் காயவைக்கிறார்கள். ஆகவே கடையில் ‘பச்சை’ என்று விற்பது வறுக்காதது, அவ்வளவுதான். களத்தில் காயும்போது பறவையும் நாயும் நடமாடும். சால்மோனெல்லா போன்ற கிருமிகள் தோலில் ஒட்டலாம். அதனால் வறுத்துத் தின்னவே சொல்கிறேன். இரும்பு வாணலி, சின்னத் தீ, கால் மணி நேரம். தோல் வெடிக்கும் சத்தம் கேட்டதும் இறக்கி, ஆறவைத்து, கசக்கி முறத்தில் புடைத்தால் நிலக்கடலைத் தோல்போல் பறந்துவிடும். பிளேவனால் கொஞ்சம் குறையும்; குறையட்டும். தோலை எறிவதில் இன்னொரு லாபம்: கோகோவில் ஈயக் கலப்பு இருந்தால் அது பெரும்பாலும் அங்கேதான்.

அளவு எட்டுப் பத்துக் கொட்டை, மாலை நான்கு மணிக்கு முன்னால். 60 கலோரிதான் வரும். சிறுநீரகக் கல் வந்தவர்களுக்கு வேண்டாம், ஆக்சலேட் அதிகம். இங்கே குளிருக்குப் பயந்து தண்ணீரும் குறைவாகத்தான் குடிக்கிறோம். நெஞ்செரிச்சல், ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் ஒன்றிரண்டில் தொடங்கிப் பார்க்கலாம். இரும்புச்சத்து மாத்திரை எடுக்கும் தோட்டத் தொழிலாளிப் பெண்கள் சிலர், கோகோவிலும் இரும்பு இருக்கிறதே என்று இரண்டையும் சேர்த்தே விழுங்குகிறார்கள். அந்தத் துவர்ப்பு இரும்பை உடம்பில் சரியாகச் சேரவிடாது. இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். நாய்க்கு ஒரு துண்டுகூடப் போடாதீர்கள், அதற்குத் தியோபுரோமின் விஷம்.

டீச்சரின் பையிலிருந்து பத்துக் கொட்டையை எடுத்துக் கத்தியால் நெடுக்கே பிளந்தேன். ஏழு நல்ல பழுப்பு. மூன்றின் உள்ளே சாம்பல் நிறப் பூஞ்சை, பஞ்சுபோல. வெளியே பார்த்தால் பத்தும் ஒன்றுபோலத்தான் இருந்தன. பொள்ளாச்சி வெயிலில் காய்ந்த சரக்கைக் கோத்தகிரி மூட்டத்தில், வாய் கட்டாத பையில், இரண்டு மாதம் வைத்திருக்கிறார்.

“எல்லாவற்றையும் கொட்டிவிடட்டுமா?” என்றார். கொட்டச் சொன்னேன். அடுத்த முறை கொட்டை வந்த அன்றே வறுத்து, ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில் மூடிவைக்கிறேன் என்றார். தேன் பாட்டிலை என்ன செய்வது என்று மட்டும் கதவருகே போய் நின்று கேட்டார்.