இரண்டாவது டெங்கு ஏன் மோசமாகிறது?

திருப்பூரில் என் சின்னம்மாவுக்குக் காய்ச்சல் வந்த மூன்றாம் நாளே பரிசோதனைத் தாளில் டெங்குவுக்கான ஐஜிஜி (கிருமியை எதிர்க்க உடம்பு செய்யும் ஆன்டிபாடி புரதங்களில் ஒரு வகை) பாசிட்டிவ் என்று இருந்தது. முன்பே ஒரு டெங்கு வந்து போயிருக்கிறது என்பதற்கான தடயம் அது. "அம்மை ஒருக்கா வந்தா மறுக்கா வராதுங்கறாங்களே கண்ணு, இது மட்டும் எப்படி?" என்று கேட்டார்.

டெங்கு வைரஸில் நான்கு வகை. ஒன்று வந்து போனால் அதே வகை பெரும்பாலும் ஆயுசுக்கும் அண்டாது. மற்ற மூன்றிடமிருந்தும் கொஞ்ச காலம் பாதுகாப்பு இருக்கும், அப்புறம் அது மங்கிவிடும்.

சிக்கல் அதற்குப் பிறகுதான். வேறு வகை உள்ளே வந்ததும், முதல் தொற்றை ஞாபகம் வைத்திருக்கும் நினைவு செல்கள் பழைய வைரஸுக்கு அளவெடுத்த ஆன்டிபாடிகளையே மளமளவென்று செய்து தள்ளுகின்றன. அவை புது வைரஸில் ஒட்டிக்கொள்ளும், ஆனால் முடக்காது. ஆன்டிபாடி ஒட்டிய எதையும் விழுங்கிச் செரிப்பது சில வெள்ளை அணுக்களின் வேலை. அவை இதையும் விழுங்க, சாகாத வைரஸ் அந்த அணுவுக்குள்ளேயே உட்கார்ந்து பெருகுகிறது.

கியூபாவில் 1977-ல் முதல் வகை பரவியது, 1981-ல் இரண்டாம் வகை. 1981-ல் மிக மோசமானவர்களில் அநேகம் பேர் முன்பே ஒரு டெங்குவைப் பார்த்தவர்கள். 1997-ல் அதே நாட்டின் சாண்டியாகோ நகரில் இரண்டாம் வகை திரும்ப வந்தபோதும் அதே கதைதான், 1977-ல் வந்த முதல் வகையை 20 வருஷம் கழித்தும் உடம்பு மறக்கவில்லை!

ஆன்டிபாடியின் அளவும் முக்கியம். நிகரகுவா குழந்தைகளை வருடக்கணக்கில் கவனித்த ஆய்வு ஒன்று 2017-ல் வெளியானது: அளவு நிறைய இருந்தால் காப்பு, நடுவாந்தரமாகக் குறைந்திருந்தால்தான் ஆபத்து அதிகம். இரண்டாம் முறை வரும் எல்லோருக்கும் மோசமாகாது, பெரும்பாலானவர்கள் தேறிவிடுகிறார்கள். ஆனாலும் பல நாளுக்கு ஒருமுறை வரும் குழாய்த் தண்ணீரை டிரம்மில் பிடித்து வைக்கும் நம் ஊரில், அந்தத் தண்ணீரில் பெருகி டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு மறுபடி கடிக்க வாய்ப்பு நிறையவே இருக்கிறது, அதனால் இதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. "விட்டிருச்சுங்க, ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்றார் சின்னம்மா. டாக்டர் விடவில்லை. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிவது காய்ச்சல் இறங்கும் அந்த நேரத்தில்தான். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, கைகால் சில்லிடுவது எல்லாம் அதன் அறிகுறிகள். நாங்கள் பிளேட்லெட்டையே கேட்டுக்கொண்டிருக்க, டாக்டரோ நீர் கசிவதால் ரத்தம் எவ்வளவு கெட்டியாகிறது என்று காட்டும் பிசிவி எண்ணைத்தான் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தார், அது இரண்டு நாள் ஏறாமல் நின்ற பிறகே வீட்டுக்கு அனுப்பினார்.