ஆல்ட்-டேப் தட்டினால் ஏன் வேறு விண்டோ வருகிறது?

கணக்கு அலுவலகங்களுக்கு கம்ப்யூட்டர் பராமரிப்பு, பயிற்சி என்று போகிறவன் நான். அங்கே வேலை செய்கிறவர் ஒரு ஸ்க்ரீனிலிருந்து இன்னொன்றுக்கு எப்படிப் போகிறார் என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

டேலி என்கிற கணக்கு மென்பொருளில் ஒரு பில், எக்செல்லில் பட்டியல், பிரவுசரில் ஜிஎஸ்டி தளம், கூடவே வாட்ஸ்அப். பில் எண்ணை மனதில் வைத்துக்கொண்டு மவுஸை டாஸ்க்பாருக்குக் கொண்டுபோகிறார். எக்செல் ஐகான் மேல் நான்கு குட்டிப் படங்கள் எழும்புகின்றன. நான்கும் ஒன்றுபோலவே இருக்கின்றன. வேறெதையோ திறந்து, விட்டு, சரியானதைப் பிடிப்பதற்குள் எண் மறந்துவிடுகிறது. நேரம் போவதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரு கம்பெனியின் எண் இன்னொரு கம்பெனியின் ஷீட்டில் ஏறிவிட்டால் அதைக் கண்டுபிடிப்பது பெரும்பாடு.

“ஆல்ட்-டேப் தெரியும் சார், ஆனா எது வரும்னே தெரியல” என்று பலர் சொல்கிறார்கள். காரணம் இருக்கிறது. ஆல்ட் கீயைப் பிடித்துக்கொண்டு டேப் கீயைத் தட்டினால் திறந்திருக்கும் விண்டோக்கள் வரிசையாக வரும்; அந்த வரிசை நிலையானது இல்லை. மேஜையில் காகிதங்களை ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பது போல, கடைசியாகத் தொட்டது மேலே வரும். அதனால் ஒரே தட்டில் சரியாகப் போய்வர முடிவது கடைசி இரண்டு விண்டோக்களுக்கு இடையில் மட்டும்தான். நடுவில் வாட்ஸ்அப்பை ஒருமுறை பார்த்தாலே வரிசை மாறிவிடும். ஐந்தாறு விண்டோக்களில் ஒன்றைத் தேடிப் பிடிக்க இது ஏற்ற வழி இல்லை.

நாள் முழுக்க வேண்டியவற்றுக்கு நிலையான இடம் கொடுங்கள் என்பதைத்தான் எல்லோரிடமும் வலியுறுத்துகிறேன். டேலி, எக்செல், பிரவுசர் மூன்றையும் டாஸ்க்பாரின் முதல் மூன்று இடங்களில் இந்த வரிசையில் ‘பின்’ (pin) செய்து நிலையாக வைத்துவிட்டால், விண்டோஸ் கீயோடு 1 அழுத்தினால் டேலி, 2 எக்செல், 3 பிரவுசர். எந்த நேரத்திலும் 2 என்றால் எக்செல்தான். எக்செல்லில் பல ஃபைல்கள் திறந்திருந்தால், கண்ட்ரோலையும் சேர்த்து அழுத்துங்கள். கடைசியாகப் பார்த்த ஃபைலுக்கே போகும். சில நாளில் விரல் பழகிவிடும்.

ஒன்றைப் பார்த்து இன்னொன்றில் அடிக்கிற வேலைக்கு மாறவே வேண்டாம். விண்டோஸ் கீ, இடது அம்புக்குறி. அடுத்ததற்கு வலது அம்புக்குறி. இரண்டும் பாதிப்பாதியாக நிற்கும். 2009-இல் விண்டோஸ் 7 வந்ததிலிருந்தே இருக்கிற வசதி இது. இன்னும் பலருக்குத் தெரியாமல் இருப்பது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

இரண்டு கிளையண்ட் வேலையை ஒரே நாளில் பார்க்கிறவர்களுக்கு விண்டோஸ் 10-இல் வந்த தனித்தனி டெஸ்க்டாப் வசதி பெரிய பாதுகாப்பு. விண்டோஸ், கண்ட்ரோல், டி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் புதிய டெஸ்க்டாப். டி-க்குப் பதில் இடது, வலது அம்புக்குறிகளால் மாறலாம். ஒரு கிளையண்டின் ஃபைல்கள் ஒன்றில், மற்றவருடையவை இன்னொன்றில். செட்டிங்கை யாரும் மாற்றாதவரை, ஆல்ட்-டேப்பிலும் அந்தந்த டெஸ்க்டாப்பில் இருப்பவை மட்டுமே தெரியும். ஷீட் மாறி அடிக்கிற ஆபத்து வெகுவாகக் குறைகிறது.

அப்புறம் இரண்டு செட்டிங். எட்ஜ் பிரவுசர் வைத்திருப்பவர்களுக்கு அதில் திறந்திருக்கும் பக்கங்களும் (டேப்கள்) ஆல்ட்-டேப் பட்டியலில் வந்து நெரிக்கும். சிஸ்டம் செட்டிங்ஸில் ‘மல்டிடாஸ்கிங்’ பகுதியில் அதை நிறுத்தலாம். விண்டோஸ் 11-இல் ஒரே ஐகானுக்குள் எல்லா ஃபைல்களும் ஒளிந்துகொண்டால், டாஸ்க்பார் செட்டிங்ஸில் ‘கம்பைன்’ என்பதை ‘நெவர்’ ஆக்குங்கள். ஃபைல் பெயர்கள் தனித்தனியாகத் தெரியும். விண்டோஸ் 11 வந்த புதிதில் இந்த வசதி இல்லை, 2023-இல்தான் திரும்பி வந்தது. அதனால் அப்டேட் செய்திருக்க வேண்டும்.

கைவலி உள்ளவர்கள் ஆல்ட்டைப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டியதில்லை. கண்ட்ரோல், ஆல்ட், டேப் மூன்றையும் ஒருமுறை அழுத்தி விட்டுவிட்டால் பட்டியல் அப்படியே நிற்கும்; அம்புக்குறியால் நகர்ந்து என்டர் தட்டினால் போதும். வயதான கணக்கர்களுக்கு நான் முதலில் இதைத்தான் காட்டுகிறேன்.