பொறித்தல்: 'பிளாஷ்' செய்வதற்குச் சரியான தமிழ்

"படத்தை ஒளிரச் செய்யவும். ஒளிர்தல் முடியும்வரை மின்சாரத்தைத் துண்டிக்காதீர்கள்."

இப்படி இரண்டு வரிகளைத் தமிழில் எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. கருவியின் நினைவகச் சில்லில் மென்பொருளை எழுதுவதை ஆங்கிலத்தில் பிளாஷ் செய்வது என்பார்கள். அதைத்தான் ஒளிரச் செய்வது என்று ஆக்கியிருக்கிறார். அவர் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை என்பது தெரியும். ஆனால் இந்த இரண்டு வரிகள்தாம் ஏற்காட்டில் ஒரு பெட்டியை முடக்கிப்போட்டன.

பெட்டி என் தம்பி மகனுடையது. திருமணங்களுக்குப் படம் எடுக்கிறவன். எடுத்த படங்களைச் சேமிக்கப் பழைய பெட்டி ஒன்றை வாங்கி வைத்திருந்தான். ஒரே ஒரு வன்வட்டு, வீட்டு லேன் கேபிளில் மாட்டினால் எந்தக் கணினியிலிருந்தும் கோப்புகளைத் திறக்கலாம் என்கிற வகை. தயாரித்தவர்கள் அதற்குப் புதுப்பிப்பு தருவதை எப்போதோ நிறுத்திவிட்டார்கள். ஆகவே அதில் டெபியன் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, தமிழில் கிடைத்த வழிகாட்டி ஒன்றைப் பின்பற்றினான். படம் என்றதும் முதலில் தான் எடுத்த படங்களைத் தேடியிருக்கிறான். பிறகு அது ஒரு கோப்பு என்று புரிந்துகொண்டு வேலையைத் தொடங்கினான். பெட்டியின் முகப்பு விளக்கு மினுக்கியது. சிறிது நேரத்தில் மினுக்குவது நின்றது. ஒளிர்தல் முடிந்துவிட்டது என்று பிளக்கைப் பிடுங்கினான்.

மறுநாள் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் பஸ்ஸில் இறங்கி, பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு அம்மாபேட்டையில் என் வீட்டுக்கு வந்தான். "பெரியப்பா, எழுதியிருந்தபடிதான் செய்தேன். விளக்கு நின்ற பிறகுதான் எடுத்தேன்." வழிகாட்டியை வாங்கிப் படித்தேன். அவன் சொன்னது சரி. எழுதியிருந்தபடி அப்படியே செய்திருக்கிறான். எழுதியிருந்ததுதான் தவறு.

ஆங்கிலத்தில் பிளாஷ் என்ற சொல் இங்கே எப்படி வந்தது? எண்பதுகளின் தொடக்கத்தில் தோஷிபா நிறுவனத்தில் ஃபூஜியோ மசுவோகா பிளாஷ் நினைவகத்தை, அதாவது மின்சாரம் போனாலும் எழுதியதை மறக்காத, அழித்து எழுதக்கூடிய சில்லை, உருவாக்கினார். 1984இல் உலகத்துக்கு அறிவித்தார். உடன் பணியாற்றிய ஷோஜி அரிஸுமி, உள்ளே இருப்பதெல்லாம் ஒரே நொடியில் அழிவது கேமராவின் பிளாஷ் வெளிச்சத்தை நினைவூட்டுகிறது என்று அந்தப் பெயரைச் சொன்னார். அதற்கு முந்தைய வகைச் சில்லுகளை அழிக்கப் புறஊதா விளக்கின் கீழ் இருபது நிமிடம்போல வைக்க வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்போடு ஒப்பிட்டால்தான் பெயரின் அருமை புரியும். ஆகப் பெயர் அழிக்கும் வேகத்தைக் குறித்தது. வெளிச்சம் வெறும் உவமை. பிறகு அந்தப் பெயரே வினையாகி, அந்த நினைவகத்தில் புதிய நிலைபொருளை, அதாவது கருவியை இயக்கும் உள்மென்பொருளை, எழுதுவதற்கும் பிளாஷ் செய்தல் என்று ஆனது.

உவமையை விட்டுவிட்டு வேலையைப் பார்த்தவர் ஒருபோதும் ஒளிர்தல் என்று எழுதமாட்டார். பளிச்சிடுதல், மின்னச் செய்தல் என்றெல்லாமும் பார்த்திருக்கிறேன். எல்லாமே ஒரே தவறுதான்: அகராதியில் முதல் பொருளை எடுத்து வாக்கியத்தில் ஒட்டுவது. பெட்டியில் நிஜமாகவே ஒரு விளக்கு இருக்கிறது, அது நிஜமாகவே ஒளிர்கிறது என்பதால் இங்கே தவறு ஆபத்தாகவும் ஆகிறது. படிப்பவன் பார்வையைத் திரையில் வைப்பதற்குப் பதில் விளக்கில் வைக்கிறான்.

எரித்தல் என்று சொல்கிறவர்கள் என் நண்பர்களிலேயே உண்டு. அவர்கள் பக்கம் ஓரளவு நியாயமும் உண்டு. ஒருமுறை மட்டுமே எழுதக்கூடிய பழைய சில்லுகளில் உள்ளே இருந்த நுண்ணிய இணைப்புகளை உண்மையிலேயே மின்சாரத்தால் எரித்தார்கள். குறுந்தகட்டிலும் லேசர் சுடுகிறது. பிளாஷ் நினைவகத்தில் எதுவும் எரிவதில்லை. எரித்த பிறகு மிஞ்சுவது சாம்பல் என்பதுதான் தமிழ்க் காதுக்குப் படும் பொருள். புதிதாக ஒன்று எழுந்து ஓட வேண்டிய இடத்தில் அந்தச் சொல்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை.

நிறுவுதல் போதுமே என்பார்கள். போதாது. இந்தச் சிறு பெட்டிகளில் இரண்டு இடங்கள் உண்டு. லினக்ஸின் மையக் கருவான கெர்னல் முதலானவை உள்ளே ஒட்டிய பிளாஷ் சில்லில் போகும். மற்ற அமைப்பு முழுவதும் வன்வட்டில் போகும். டெபியனில் கெர்னலைச் சில்லில் எழுதுவதற்கென்றே பிளாஷ்-கெர்னல் என்று தனிக் கருவி இருக்கிறது. 2004இல் வந்த லிங்க்சிஸ் என்.எஸ்.எல்.யூ.2 என்ற பெட்டியில், இப்படிப் பெட்டிகளில் லினக்ஸ் போடும் பொழுதுபோக்கில் பலரை இழுத்துவிட்ட பெட்டி அது, பிளாஷ் 8 மெகாபைட்தான், வேலை செய்யும் நினைவகம் (ராம்) 32 மெகாபைட்தான். முழு லினக்ஸ் அதற்குள் அடங்காது. வெளியே மாட்டிய வட்டில்தான் அமரும். வட்டில் நிறுவுவது தவறினால் மறுபடி நிறுவலாம். சில்லில் எழுதுவது தவறினால் பெட்டியே எழாது. இரண்டுக்கும் ஒரே சொல்லைப் போடுவது, ஆழமான கிணற்றுக்கும் வாய்க்காலுக்கும் ஒரே எச்சரிக்கைப் பலகை வைப்பதுபோல.

என் சொல் பொறித்தல்.

பொறி என்றால் அடையாளம், முத்திரை. சோழர்களின் புலிப்பொறி. பொறி என்றால் கருவி, இயந்திரம். மதுரை மதில்மேல் இருந்த போர்க்கருவிகளைச் சொல்லும்போது சிலப்பதிகாரம் வளைவிற்பொறி என்கிறது. பொறியியலும் எலிப்பொறியும் அந்த வழியில் வந்தவை. பொறி என்றால் தீப்பொறி. திடீரென்று யோசனை தோன்றினால் 'பொறி தட்டியது' என்கிறோம். இவை ஒரே வேரின் கிளைகளா, ஒலியால் ஒன்றுபட்ட தனிச் சொற்களா என்பதை அகராதி அறிஞர்கள் பேசட்டும். கண்ணிமைக்கும் வெளிச்சம், எழுத்து, இயந்திரம் மூன்றும் ஒரே சொல்லில் காத்திருக்கும்போது நாம் ஏன் ஆங்கில உவமையின் பின்னால் ஓட வேண்டும்? நினைவகம் பொறிநினைவகம். எழுதுவது பொறித்தல். எழுதப்பட்டது பொறிப்பு.

கல்லில் பொறித்தது அழியாதே, பிளாஷ் அழித்து எழுதக்கூடியதாயிற்றே என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. எனக்கு விடை கிடைத்தது பாத்திரக் கடையில். கடைவீதியில் எவர்சில்வர் அண்டாவில் பெயர் பொறித்துக் கொடுக்கும் ஆளைக் கவனித்துப் பாருங்கள். கையில் மின்சார ஊசி கிர்ரென்று நடுங்குகிறது. ஒவ்வொரு புள்ளியாகக் குழி விழுகிறது. பழைய பெயர் இருந்தால் அதன்மேல் புதிய பெயரை எழுத முடியாது. விழுந்த குழியைத் தனியே தூர்க்கவும் முடியாது. அந்தப் பரப்பு முழுவதையும் தேய்த்து வழித்துவிட்டு, வெறும் பரப்பாக்கி, பிறகுதான் புதிய பெயர்.

பிளாஷ் சில்லும் அட்சரம் பிசகாமல் இப்படித்தான் வேலை செய்கிறது. அழித்தால் அந்தத் தொகுதியில் உள்ள பிட்டுகள் எல்லாம் 1 ஆகின்றன. எழுதுவது என்பது வேண்டிய இடங்களில் 1ஐ 0 ஆக்குவது, அதாவது குழி போடுவது. ஒரே ஒரு 0ஐ மட்டும் மீண்டும் 1 ஆக்க வழியில்லை. தொகுதி முழுவதையும் அழித்தாக வேண்டும். இவ்வகைப் பெட்டிகளில் இருக்கும் நாண்ட் என்ற வகை பிளாஷ் சில்லுகள் பலவற்றில் ஒரு தொகுதி 128 கிலோபைட். தேய்த்துவிட்டுப் பெயர் எழுதி முடிப்பதற்குள் மின்சாரம் நின்றால் அண்டாவில் பழைய பெயரும் இருக்காது, புதிய பெயரும் இருக்காது. தம்பி மகனின் பெட்டியில் நடந்தது இதேதான். பெட்டியை எழுப்பிவிடும் பூட்லோடர் என்ற நிரல் இருந்த இடம் தேய்க்கப்பட்டு, பாதி பொறிக்கப்பட்டு நின்றிருந்தது.

அதை மீட்டது ஒரு மாலை வேலை. மூடியைக் கழற்றினால் பலகையில் நான்கு ஊசிகள். அவற்றில் மூன்றில் கணினியோடு பேசுவதற்கான 3.3 வோல்ட் சீரியல் வயரை மாட்டி, வேகத்தை நொடிக்கு 115200 பிட் என்று வைத்தேன். உள்ளே இருந்தது மார்வெல்லின் கிர்க்வுட் சில்லு. அதன் நல்ல குணம், பிளாஷ் கெட்டுப்போனாலும் சில்லுக்குள்ளேயே அழியாமல் இருக்கும் ஒரு சிறு நிரல் சீரியல் வழியாகக் காது கொடுத்துக்கொண்டிருக்கும். கேடபிள்யூபூட் என்ற கருவியைக் கணினியில் ஓடவிட்டுப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தால் யூ-பூட் என்ற பூட்லோடர் சீரியல் வழியாக வேலை செய்யும் நினைவகத்துக்குப் போய்ச் சேர்கிறது. அரை மெகாபைட் போக ஒரு நிமிடம்போல ஆகும். சதவீதம் ஊர்ந்து ஏறுவதை இருவரும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தோம். யூ-பூட்டின் கட்டளைக் குறி வந்ததும் அவன் என் தோளைப் பிடித்தான். பிறகு இரண்டே கட்டளைகள்: நாண்ட் இரேஸ், நாண்ட் ரைட். தேய்த்தல், பொறித்தல். வன்வட்டை யாரும் தொடாததால் திருமணப் படங்கள் அப்படியே இருந்தன.

றகரத்தைக் காட்டிப் பொறித்தலை மறுப்பவர்களும் உண்டு. மக்கள் பொரித்தலோடு குழப்பிக்கொள்வார்கள் என்கிறார்கள். குழப்பிக்கொள்கிறார்கள்தான். ஏற்காடு ஏரிக்கரையில் 'பொறித்த மீன்' என்று எழுதிய பலகையை நானே பார்த்திருக்கிறேன். எண்ணெயில் இடுவது பொரித்தல், எழுத்தை இடுவது பொறித்தல். பிழையைத் திருத்த வேண்டும், அதற்காகச் சொல்லைக் கைவிடுவதா? மரமும் மறமும் குழம்பும் என்று வீரத்தைப் பாடாமல் விட்டார்களா?

என் உண்மையான வருத்தம் ஒரு சொல்லோடு முடியவில்லை. இன்று தொழில்நுட்பத் தமிழாக்கம் செய்பவர்களில் பலருக்குத் துண்டு துண்டான வரிகள்தாம் தரப்படுகின்றன. முன்னே என்ன, பின்னே என்ன, கருவி மேசையில் எப்படி இருக்கும் என்று காட்டுவதில்லை. அதனால்தான் இமேஜ் என்பது படம் ஆகிறது. படிமம் என்று நல்ல சொல் இருக்கிறது, ஒன்றின் அச்சு அசலான உரு என்ற பொருளோடு. அதனால்தான் பெட்டி முடங்கினால் ஆங்கிலத்தின் 'பிரிக்' என்பதை அப்படியே பெயர்த்து 'செங்கல்லாகிவிட்டது' என்று எழுதுகிறார்கள். செங்கல் நம் ஊரில் உதவாத பொருளா? சூளையில் வெந்து வீடாக எழுவது அது. எழாமல் கிடப்பதற்கு 'முடங்கியது' என்றாலே எல்லோருக்கும் புரியும். தூய்மைக்காக மட்டும் நான் வாதாடவில்லை. கெர்னல், யூ-பூட், சீரியல் ஆகியவற்றை நானே அப்படியேதான் எழுதுகிறேன். பிளாஷ் செய்யவும் என்று எழுதியிருந்தால்கூட அவன் யாரிடமாவது கேட்டிருப்பான். புரியாத சொல் கேட்க வைக்கும். புரிந்ததுபோல் தோன்றும் தவறான சொல் பிளக்கைப் பிடுங்க வைத்துவிட்டது.

அவன் மலையேறுவதற்கு முன் அந்த இரண்டு வரிகளையும் திருத்தி ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். பெட்டியின் மேலேயே ஒட்டியிருக்கிறான்:

"படிமத்தைப் பொறிநினைவகத்தில் பொறிக்கவும். பொறித்து முடிந்தது என்று திரையில் வரும்வரை மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டாம். முகப்பு விளக்கைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம்."